நான்கு மாத ஊழியர்: சிறு நிறுவனம் கோ-ஆப் மாணவரை அமர்த்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கனடாவில், பட்டப்படிப்பின் பகுதியாக ஒரு தவணை வேலைக்கு வரும் கோ-ஆப் மாணவர்களை எடுப்பது பற்றிச் சிறு தொழில் நடத்துவோரிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. மாணவரின் சம்பளத்தில் பாதியை அரசே கொடுத்துவிடும் என்பது ஒன்று. படிக்கிற பிள்ளைக்குச் சட்டப்படி சம்பளமே கொடுக்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் இரண்டும் நிலைத்து நிற்கின்றன. இரண்டையும் நம்பிக் கணக்குப் போட்ட நிறுவனங்கள் தவணையின் நடுவில் தடுமாறுவதும் அதனால்தான். கோ-ஆப் என்ற ஏற்பாடு எப்படி இயங்குகிறது, அதன் உண்மையான செலவு எங்கே ஒளிந்திருக்கிறது, எந்த வேலைக்கு அது பொருந்தும் என்பவற்றை அடிப்படையிலிருந்து இக்கட்டுரை விளக்குகிறது. வரி, மானியம் பற்றிய மாகாண விவரங்கள் ஒன்ராறியோவுக்கு உரியவை. விகிதங்கள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படியானவை.

கோ-ஆப் என்பது எது?

வகுப்பறைத் தவணையும் சம்பளத்துடன் கூடிய பணித்தவணையும் மாறி மாறி வரும்படி அமைந்த பட்டப்படிப்பே கூட்டுறவுக் கல்வி. பேச்சு வழக்கில் கோ-ஆப். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர் 1906இல் இதைத் தொடங்கினார். தொழிற்சாலையில் உள்ள இயந்திரங்களைப் பல்கலைக்கழகம் வாங்கி வைக்க முடியாது, ஆகவே மாணவரைத் தொழிற்சாலைக்கு அனுப்புவோம் என்பதே அவருடைய எளிய தர்க்கம். கனடாவுக்கு இம்முறை 1957இல், வாட்டர்லூ பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோதே, அதன் பொறியியல் படிப்புடன் சேர்ந்து வந்தது. இன்று ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம், மக்மாஸ்டர், சைமன் பிரேசர், விக்டோரியா, ஷெர்ப்ரூக் எனப் பல இடங்களிலும், பல கல்லூரிகளிலும் இம்முறை உண்டு.

இதைக் கோடைகால வேலையோடும் பயிற்சிப் பணியோடும் குழப்பிக்கொள்வது வழக்கம். வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது.

1. பணித்தவணை பட்டத்தின் ஒரு பகுதி. மாணவர் அதில் தேற வேண்டும். அறிக்கை எழுத வேண்டும். வேலை கொடுத்தவர் மதிப்பீடு எழுத வேண்டும்.

2. பல்கலைக்கழகம் நடுவில் நிற்கிறது. வேலை விவரத்தை அது ஏற்றுக்கொண்ட பின்னரே மாணவரிடம் காட்டும். தவணையின் நடுவில் அதன் ஒருங்கிணைப்பாளர் இரு தரப்பிடமும் விசாரிப்பார்.

3. சம்பளம் உண்டு. பணி சார்ந்த கல்விக்கான தேசிய அமைப்பான சீவில் கனடா, கோ-ஆப் என்ற பெயரில் அங்கீகாரம் பெறும் படிப்புகளில் பணித்தவணை குறைந்தது 12 வாரம் அல்லது 420 மணி நேரம் நீள வேண்டும் என்றும், அது சம்பளத்துடன் அமைய வேண்டும் என்றும் வரையறுத்திருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது பேச்சின் வேர் ஒன்ராறியோவின் வேலைவாய்ப்புத் தரநிலைச் சட்டத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகமோ கல்லூரியோ ஏற்றுக்கொண்ட திட்டத்தின் கீழ் பணி செய்யும் மாணவரை அச்சட்டத்தின் பொது விதிகளிலிருந்து விலக்கும் பிரிவு ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் சம்பளம் இல்லாத வேலையைக் கோ-ஆப் அலுவலகம் பொதுவாக ஏற்காது. மானியமும் வரிக்கடனும் (வரிக் கணக்கு வழியாக அரசு தரும் சலுகைத் தொகை) கொடுத்த சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுகின்றன. மாணவரின் நண்பர்கள் வேறிடத்தில் என்ன வாங்குகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். சட்டத்தில் ஒரு விலக்கு இருப்பது இலவச உழைப்புக்கான வழியாகிவிடாது. அப்படிப் பயன்படுத்தவும் கூடாது.

நாட்காட்டிதான் முதல் தடை

சிறு நிறுவனத்தில் ஆள் தேவை திடீரென்று வரும்: ஒருவர் விலகுவார், புதிய வாடிக்கையாளர் ஒருவர் கிடைப்பார், அடுத்த திங்களே ஆள் வேண்டும் என்றாகும். கோ-ஆப் அப்படி இயங்குவதில்லை. ஆண்டு மூன்று தவணைகளாகப் பிரிந்திருக்கிறது: ஜனவரி முதல் ஏப்ரல் வரை, மே முதல் ஓகஸ்ட் வரை, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. ஒரு தவணைக்கான விளம்பரங்கள் அதற்கு முந்தைய தவணையின் தொடக்கத்திலேயே வெளியாகின்றன. ஜனவரியில் ஆள் வேண்டுமென்றால் செப்டம்பரில் வேலை விவரம் எழுதப்பட்டிருக்க வேண்டும்; அதைத் தொடர்ந்த வாரங்களில் நேர்காணல் நடக்கும்.

வாட்டர்லூ போன்ற இடங்களின் முதன்மைச் சுற்றில், நேர்காணல் முடிந்ததும் நிறுவனம் மாணவர்களை வரிசைப்படுத்தும். மாணவர்களும் நிறுவனங்களை வரிசைப்படுத்துவார்கள். இரண்டையும் பொருத்தி முடிவு அறிவிக்கப்படும். ஆகவே பிடித்த மாணவருக்கு அன்று மாலையே தொலைபேசியில் வேலையை உறுதி செய்யும் பழக்கம் இங்கே செல்லாது. அச்சுற்றில் இடம் கிடைக்காத மாணவர்களுக்கும் ஆள் கிடைக்காத நிறுவனங்களுக்கும் அடுத்து ஒரு தொடர் சுற்று உண்டு. தாமதமாக விழித்த சிறு நிறுவனங்களுக்கு அதுவே கதவு. அந்தச் சுற்றில் நிற்பவர்கள் மிஞ்சியவர்கள் என்று எண்ணுவது தவறு. முதல் பணித்தவணைக்குச் செல்லும், முன் அனுபவம் எதுவும் இல்லாத நல்ல மாணவர்கள் பலர் அங்கேதான் காத்திருப்பார்கள்.

எல்லா நிகழ்ச்சித் திட்டங்களும் நான்கு மாதம் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் செல்லும் பி.இ.ஒய். (தொழில் அனுபவ ஆண்டு) கோ-ஆப் பொதுவாக 12 முதல் 16 மாதங்கள் நீளும். ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் தேவை உள்ள நிறுவனம், மூன்று மாணவரை அடுத்தடுத்துப் பழக்குவதைவிட இப்படி ஒருவரை எடுப்பது நல்லது.

எந்த வேலையைக் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் மானிய விண்ணப்பத்தைத் திறப்பவர்கள் பலர். கோ-ஆப் அனுபவம் கசந்துபோவதற்கு மாணவரின் திறமைக்குறைவைவிட, வேலை சரியாக வரையறுக்கப்படாததே பெரும்பாலும் காரணம்.

நான்கு மாதம் என்பது 16 வாரம். முதல் இரண்டு மூன்று வாரம் நிறுவனத்தின் கருவிகளையும் பேச்சுவழக்கையும் பழகுவதில் போகும். இறுதி வாரம் ஒப்படைப்பில் போகும். மிஞ்சுவது 12 வாரம். அந்தப் 12 வாரத்தில் முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய, ஒரு வாரம் பிந்தினாலும் நிறுவனம் சாய்ந்துவிடாத, ஆனால் முடிந்தால் யாரோ ஒருவர் மறுநாளே பயன்படுத்தப்போகிற வேலையே இதற்குப் பொருத்தமானது. விரிதாளில் பல ஆண்டுகளாகக் குவிந்த சரக்கிருப்புக் கணக்கை ஒரு தரவுத்தளத்துக்கு மாற்றுவது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்குத் தானியங்கிச் சோதனைகள் எழுதுவது. வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஆராய்ந்து வழிகாட்டிகளாக்குவது. மாத இறுதிக் கணக்குச் சரிபார்ப்பை ஒழுங்குபடுத்துவது. இவை எல்லாம் நிறுவனத்தில் உள்ளவர்கள் "நேரம் கிடைத்தால் செய்வோம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலைகள். அத்தகைய பட்டியல் ஒவ்வொரு சிறு நிறுவனத்திலும் இருக்கும்.

பொருந்தாத வேலைகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாகத் தொடங்கும் நிறுவனங்கள் மீண்டும் மீண்டும் விழும் குழி அது. மென்பொருள் தெரியாத நிறுவனர் ஒருவர் தம் மனத்தில் உள்ள செயலியை உருவாக்குவதற்காகக் கணினியியல் மாணவர் ஒருவரை எடுக்கிறார். நிறுவனத்தில் வேறு பொறியாளர் இல்லை. மாணவர் எழுதும் நிரலைப் படித்துப் பார்க்க ஆளில்லை. எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு, 20 வயதில், யாரிடமும் கேட்க வழியில்லாமல், அவர் தலையில் விழுகிறது. ஏப்ரல் இறுதியில் ஏதோ ஒன்று ஓடுகிறது. மே மாதத்தில் அவர் வகுப்புக்குத் திரும்புகிறார். ஜூனில் அது நின்றுவிடுகிறது. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் நிறுவனத்தில் எவரும் இல்லை. நிறுவனருக்குப் பணம் போனது. மாணவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு: கற்றுக்கொள்ள வேண்டிய தவணையில் கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லாமல் போனது. ஒரு துறையில் மேற்பார்வை செய்யத் தெரிந்தவர் நிறுவனத்தில் இல்லையென்றால், அந்தத் துறை மாணவரை எடுக்கக் கூடாது. முதலில் பகுதிநேரமாகவேனும் அனுபவமுள்ள ஒருவரை அமர்த்திவிட்டு, அவர் கையின் கீழ் மாணவரை வைப்பதே முறை.

பணம் வரும் வழிகள்

மத்திய அரசு, மாகாண அரசு இரண்டும் வெவ்வேறு வழியில் உதவுகின்றன. அவற்றின் தன்மை ஒன்றல்ல என்பதால் தனித்தனியே பார்க்க வேண்டும்.

1. மத்திய அரசின் மாணவர் பணியமர்வுத் திட்டம். எஸ்.டபிள்யூ.பி.பி. என்று அழைக்கப்படும் இது 2017இல் தொடங்கியது. மாணவரின் சம்பளத்தில் 50 சதவீதம், உச்சமாக 5,000 டொலர் வரை மானியமாகக் கிடைக்கும். முதலாம் ஆண்டு மாணவர், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பயிலும் பெண்கள், பூர்வகுடியினர், மாற்றுத்திறனாளிகள், புதிதாகக் குடியேறியவர்கள், அரசு "காணக்கூடிய சிறுபான்மையினர்" என்று வகைப்படுத்தும் வெள்ளையரல்லாதோர் ஆகியோருக்கு இது 70 சதவீதம், உச்சம் 7,000 டொலர். அரசு இதை நேரடியாகக் கொடுப்பதில்லை; துறைவாரியான பங்காளி அமைப்புகள் வழியாகக் கொடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பமும் நிதி ஒதுக்கீடும் உண்டு. ஒதுக்கீடு தீர்ந்தால் வாசல் மூடிவிடும். மாணவர் கனடியக் குடிமகனாகவோ, நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ, அகதியாகப் பாதுகாப்புப் பெற்றவராகவோ இருக்க வேண்டும். சர்வதேச மாணவருக்கு இம்மானியம் இல்லை.

2. ஒன்ராறியோவின் கூட்டுறவுக் கல்வி வரிக்கடன். சம்பளத்தில் 25 முதல் 30 சதவீதம், ஒரு பணியமர்வுக்கு உச்சமாக 3,000 டொலர். முந்தைய ஆண்டின் மொத்தச் சம்பளச் செலவு 400,000 டொலருக்கு மேற்படாத நிறுவனத்துக்கு 30 சதவீதம். 600,000 டொலரோ அதற்கு மேலோ என்றால் 25 சதவீதம். இடையில் படிப்படியாகக் குறையும். பணி குறைந்தது 10 வாரம் தொடர்ந்து நடந்திருக்க வேண்டும். கல்வி நிறுவனத்தின் சான்றுக் கடிதம் கையில் இருக்க வேண்டும். இது திருப்பித் தரப்படும் வரிக்கடன். அதாவது இலாபமே இல்லாமல், செலுத்த வேண்டிய வரி எதுவும் இல்லாத நிறுவனத்துக்கும் பணமாகக் கைக்கு வரும். கூட்டுத்தாபனமாகப் பதிவான நிறுவனம் தன் வரிக் கணக்குடன் அட்டவணை 550ஐ நிரப்பி இதைக் கோரும்.

3. ஆராய்ச்சி, மேம்பாட்டு வரிக்கடன். கணக்காளர்கள் 'ஷ்ரெட்' என்று சொல்லும் இத்திட்டத்தில், தகுதியுள்ள கனடியத் தனியார் நிறுவனம் ஆய்வுப் பணிக்குச் செலவிட்ட சம்பளத்துக்கு 35 சதவீதம் வரை திரும்பப் பெறலாம். மாணவரின் சம்பளமும் இதில் அடங்கும். ஆனால் வழக்கமான இணையத்தள வேலை ஆராய்ச்சி ஆகாது. அதற்கு ஆவணச் சான்றும் வேண்டும்.

இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போக முடியாது. ஒரே மாணவரின் சம்பளத்துக்கு எஸ்.டபிள்யூ.பி.பி. மானியத்தோடு வேறொரு மத்திய அரசு மானியத்தையும் சேர்த்துப் பெற இயலாது. மாகாண வரிக்கடனைப் பெறலாம். ஆனால் பெற்ற மானியத்தைச் சம்பளத்திலிருந்து கழித்த பின் எஞ்சும் தொகைக்கே அது கணக்கிடப்படும். 'ஷ்ரெட்' கோரிக்கையிலும் அரசு உதவி இப்படியே கழிக்கப்படும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சம்பளச் செலவு 400,000 டொலருக்குட்பட்ட ஒன்ராறியோ நிறுவனம் ஒன்று, மணிக்கு 25 டொலர் வீதம், வாரம் 37.5 மணி நேரம், 16 வாரங்களுக்கு ஒரு மாணவரை எடுக்கிறது என்று கொள்வோம். இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

1. சம்பளம்: 600 மணி நேரத்துக்கு 15,000 டொலர்.

2. கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு நிறுவனத்தின் பங்கு, விலக்குத் தொகை போக 5.95 சதவீதம்: ஏறத்தாழ 830 டொலர். வேலையின்மைக் காப்புறுதியில் நிறுவனம் ஊழியரைப் போல 1.4 மடங்கு செலுத்த வேண்டும்: ஏறத்தாழ 345 டொலர். ஆக மொத்தச் செலவு 16,175 டொலர்.

3. மத்திய அரசு மானியம்: 15,000இன் பாதி 7,500 என்றாலும் உச்சவரம்பால் 5,000 டொலர்.

4. மாகாண வரிக்கடன்: எஞ்சிய 10,000இல் 30 சதவீதம், அதாவது 3,000 டொலர்.

5. நிகரச் செலவு: 8,175 டொலர்.

மாணவர் 70 சதவீத வகையைச் சேர்ந்தவர் என்றால் மானியம் 7,000 டொலராகும். ஆனால் வரிக்கடனுக்கான அடிப்படை 8,000ஆகச் சுருங்குவதால் அது 2,400 டொலராகக் குறையும். மானியம் 2,000 டொலர் கூடியபோதும் கைக்கு வரும் கூடுதல் தொகை 1,400 டொலரே.

"பாதிச் சம்பளம் அரசின் கையில்" என்ற பேச்சு இந்த இடத்தில் ஏறக்குறைய உண்மையாகத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் விடுபட்டிருக்கின்றன. முதலாவது, காலம். சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கையிலிருந்து போகிறது. மானியம் பொதுவாகப் பணித்தவணை முடிந்து, சம்பளச் சீட்டுகளைச் சமர்ப்பித்த பின்னர் வருகிறது. வரிக்கடன் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்து, அது பரிசீலிக்கப்பட்ட பின்னர் வருகிறது. ஆகவே 16,175 டொலரையும் முதலில் தானே சுமக்கக்கூடிய நிறுவனத்துக்கே இந்த 8,000 டொலர் உதவுகிறது. வங்கியில் மூன்று மாதச் செலவுக்கு மட்டுமே பணம் வைத்திருக்கும் புதிய நிறுவனம், மானியத்தை நம்பிச் சம்பளம் ஒப்புக்கொண்டால் இடையில் அகப்பட்டுக்கொள்ளும்.

இரண்டாவது, மேற்பார்வை நேரம். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு 8 மணி நேரம், அடுத்த 13 வாரம் வாரத்துக்கு 4 மணி நேரம் என்று நிதானமாக வைத்தாலும் 76 மணி நேரம் ஆகிறது. மேற்பார்வையாளரின் ஒரு மணி நேரம் 60 டொலர் பெறும் என்றால் 4,560 டொலர். அதையும் சேர்த்தால் நிகரச் செலவு 12,700 டொலரைத் தாண்டுகிறது. மணிக்கு 21 டொலருக்குச் சற்று மேல். மாணவருக்குக் கொடுத்த மணிச்சம்பளத்திலிருந்து இது வெகு தொலைவில் இல்லை. அரசின் பணம் பெரும்பாலும் மேற்பார்வைச் செலவையும் ஓய்வூதிய, காப்புறுதிப் பங்கையும் ஈடுசெய்கிறது என்று எடுத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. மானியம் கிடைக்காவிட்டாலும் இந்த வேலைக்கு ஆள் எடுப்போமா என்று கேட்டு, ஆம் என்ற விடை வந்தால் மட்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

சட்டம் கேட்பவை

வேலைவாய்ப்புத் தரநிலைச் சட்டத்தின் விலக்கு ஒருபுறம் இருக்க, வரிக் கணக்கில் மாணவர் ஊழியரே. அவரை ஒப்பந்தக்காரராகக் காட்டி விலைச்சீட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு மானியத்துக்கும் பொருந்தாது, வரித் துறையிடமும் நிற்காது. சம்பளப் பதிவு, வரிக் கழிவு, ஆண்டு இறுதியில் சம்பளத்தையும் கழிவுகளையும் காட்டும் டி4 படிவம், பணி முடிவில் வேலைப் பதிவுச் சான்று ஆகிய எல்லாம் வேண்டும். ஒன்ராறியோவின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம் கோ-ஆப் மாணவரையும் தொழிலாளராகவே கருதுகிறது. 2014 முதல் கட்டாயமாக உள்ள அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி அவருக்கும் உரியது.

புதிய நிறுவனங்கள் கவனிக்கத் தவறும் இடம் அறிவுசார் உடைமை. கனடியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13(3)ஆம் பிரிவின்படி, ஊழியர் தம் பணியின் போக்கில் உருவாக்கும் ஆக்கத்தின் முதல் உரிமையாளர், வேறு உடன்பாடு இல்லாதவரை, வேலை கொடுத்தவரே. நிரல், வடிவமைப்பு, எழுத்து எல்லாம் இதில் அடங்கும். ஆனால் ஆக்கியோனுக்குள்ள தார்மிக உரிமைகள் (ஆக்கத்தில் தம் பெயர் இடம்பெறவும் அது சிதைக்கப்படாதிருக்கவும் உள்ள உரிமைகள்) இதனால் கைமாறுவதில்லை. காப்புரிமைச் சட்டத்தில் இதற்கு இணையான பொது விதியும் இல்லை. ஆகவே உரிமை மாற்றம், தார்மிக உரிமைத் துறப்பு, இரகசியம் காத்தல் ஆகிய மூன்றும் வேலைக் கடிதத்தில், மாணவர் தொடங்கும் முன்பே, கையெழுத்தாகியிருக்க வேண்டும். பின்னர் முதலீட்டாளர் ஒருவர் நிறுவனத்தை ஆராயும்போது, மூன்று ஆண்டுக்கு முன் வந்துபோன மாணவரைத் தேடி அலையும் நிலை இதனால் தவிர்க்கப்படும். மாணவருக்கும் நியாயம் வேண்டும்: அவர் தம் சொந்த நேரத்தில் செய்யும் திட்டங்கள் அவருடையவை என்று அதே கடிதத்தில் ஒரு வரி இருப்பது நல்லது.

சர்வதேச மாணவரை எடுப்பதில் தடையில்லை. ஆனால் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் என்ற பொது வரம்பு 2024 நவம்பர் முதல் நடைமுறையில் இருப்பதால், முழுநேரப் பணித்தவணையை அவர் எந்த அனுமதியின் அடிப்படையில் செய்கிறார் என்பதை முதல் நாளுக்கு முன்பே எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கு நடுவில்

வங்கிகளும் பெரும் தொழில்நுட்ப நிறுவனங்களும் பல்கலைக்கழகத்தின் அதே வேலை விளம்பரப் பலகையில்தான் விளம்பரம் செய்கின்றன. சம்பளத்தில் அவற்றோடு போட்டியிட முடியாது. சிறு நிறுவனம் கொடுக்கக்கூடியது வேறு: மாணவர் செய்ததை வாடிக்கையாளர் பயன்படுத்துவதை அவரே பார்க்கலாம், முடிவெடுப்பவரின் பக்கத்து மேசையில் உட்காரலாம். இதை விளம்பரத்தில் உறுதியாகக் காட்ட ஒரே வழி, வேலையைப் பெயர் சொல்லி எழுதுவது. "பல்வேறு பணிகளில் உதவுதல்" என்ற வரி எவரையும் ஈர்க்காது. எந்தச் சிக்கல், எந்தக் கருவி, யார் மேற்பார்வை, தவணை முடிவில் என்ன ஓட வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும்.

ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்குரிய தகுதிப் பட்டியலை எழுதி வைப்பதும் வீண். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அது தெரியாது; தெரிந்த நான்காம் ஆண்டு மாணவர் வேறிடம் போய்விடுவார். நேர்காணலில், அவர் முன்பு செய்த ஏதாவது ஒன்றை எடுத்து, அது பழுதானபோது எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால், மதிப்பெண் சொல்லாததை அந்தப் பதில் சொல்லும். வேலையை உறுதி செய்துவிட்டுப் பின்வாங்குவது மட்டும் கூடவே கூடாது. நிறுவனத்துக்கு அது ஒரு மின்னஞ்சல். மாணவருக்கு அது பட்டத்தில் ஒரு தவணையே பிந்திப்போகும் விஷயம்.

தவணை தொடங்கிய பின்

முதல் நாளில் கணினி, கணக்குகள், அணுக்க உரிமைகள் தயாராக இருக்க வேண்டும். இவற்றுக்காகக் காத்திருந்தே முதல் வாரம் போய்விடும் நிறுவனங்கள் உண்டு. முதல் வாரத்துக்குள் சிறிதாயினும் முழுமையான ஒன்றை மாணவர் முடித்து வெளியிட்டால், நிறுவனத்தில் வேலை எப்படி நகர்கிறது என்பது அவருக்கு முழுதாகப் புரிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில், அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். தயக்கத்தால் கேள்வி கேட்காமல் மூன்று நாள் முட்டிக்கொண்டிருப்பது புதியவர்களின் இயல்பு. அதை உடைக்க வேண்டியவர் மேற்பார்வையாளரே. எட்டாம் வாரத்தில் எழுத்தில் ஒரு கருத்துரை கொடுத்தால், இறுதி மதிப்பீட்டில் மாணவர் எதிர்பாராத எதுவும் இருக்காது.

ஒப்படைப்புக் குறிப்பைக் கடைசி வாரத்துக்கு விட்டுவைக்காமல் வாரந்தோறும் எழுதச் செய்வது நல்லது. அதைச் சோதிக்க எளிய வழி, 14ஆம் வாரத்தில் நிறுவனத்தின் வேறொருவர் அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மாணவரைக் கேட்காமல், அதே வேலையை ஒருமுறை செய்து பார்ப்பது.

மாணவர் நன்றாக அமைந்தால் அவர் மீண்டும் வர விரும்பலாம். பல பல்கலைக்கழகங்கள் அதே நிறுவனத்தில் மறுதவணைக்கும், இரண்டு தவணைகளைச் சேர்த்து எட்டு மாதமாக்குவதற்கும் இடம் தருகின்றன. ஆனால் நாட்காட்டி இங்கே மறுபடியும் குறுக்கிடும். மே மாதத்தில் ஒருவர் வேலைக்கு வந்து சேரும் அதே வாரங்களில் செப்டம்பர் தவணைக்கான விளம்பரங்கள் திறந்துவிடும். முதல் மாணவர் எப்படிச் செய்வார் என்று தெரியும் முன்பே அடுத்தவரை எடுப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். முதல் முறையாக இதில் இறங்கும் நிறுவனம் அந்தச் சுற்றை விட்டுவிட்டு, ஜூலையில் நிலைமையைப் பார்த்துத் தொடர் சுற்றில் தேடுவதோ, ஜனவரித் தவணைக்காகச் செப்டம்பரில் விளம்பரம் கொடுப்பதோ பொருத்தமாக இருக்கும்.